பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர்

எனக்கு இந்த ஆவணியோடு அறுபத்தெட்டு வயது முடிகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது, செத்துப்போன என் தங்கையின் மகள். ஐந்து பேரையும் சண்டைக்கும் கொடுக்காமல் கடலுக்கும் கொடுக்காமல் ஆளாக்கினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. என் பெயரை எழுதுவேன், பஸ் நம்பரை வாசிப்பேன், பூசைப் புத்தகத்தில் பாடமாக்கி வைத்திருப்பதைப் பார்த்து வாசிப்பதுபோல் பக்கம் புரட்டுவேன். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல, மூத்த மகனின் மகள் எழுதுகிறாள். எட்டு வயதில் கொழும்பிலிருந்து வந்தவள், தமிழை விடவில்லை. என் பேச்சைத் திருத்தி எழுதுகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் கப்பற்காரர். எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்க ஆண்கள் பலர் அந்தக் காலத்தில் கிரேக்கருடைய சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போனார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விட்டு வருவார்கள். இவரும் அப்படிப் போய் வந்துகொண்டிருந்தவர்தான். கடைசியாகப் போனபோது மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இல்லை. ஒன்றரை வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. ஊரில் சண்டை, நாங்களும் இருந்த இடத்தில் இல்லை. மூன்று இடம் மாறினோம். பிறகு கொழும்பு, பிறகு மகன் லண்டனுக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். ஈஸ்ட் ஹாமில் ரயில் சத்தம் கேட்கும் தெருவில் அவன் வீடு. அங்கேதான் இருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் என் கணவரின் பெயரைச் சொல்வதில்லை. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் புருசன் பெண்சாதி அப்படித்தான். நான் "இஞ்சருங்கோ" என்பேன், அவர் "இஞ்சாரும்" என்பார். வீட்டில் "பிள்ளையளின்ரை அப்பா" என்றே நான் சொல்லி வந்ததால், இதை எழுதும் பேத்திக்குப் பன்னிரண்டு வயதுவரை தன் அப்பப்பாவின் பெயர் தெரியாது. கவுன்சிலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கணவரின் பெயரைக் கேட்டபோது நான் மகனைப் பார்த்தேன். மகன் சொன்னான். அவள், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து என் கையைத் தடவினாள்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில், நவம்பர்ப் பூசைக்காக, எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க ஓர் என்வலப் தருவார்கள். தமிழ்ப் பூசையில் அந்தப் பெயர்களை வாசித்து ஆத்துமாக்களுக்காக மன்றாடுவோம். என் தாய், தகப்பன், தங்கை என்று எழுதுவிப்பேன். மகன் ஒவ்வொரு வருடமும் கேட்பான்.

"அம்மா, இந்த வருசமாவது அப்பாவைப் போடுவம். அவருக்கும் ஒரு பூசை வேணும்தானே."

"செத்தவைக்குத்தான் அந்தப் பூசை."

"இருபத்தொரு வருசம் அம்மா."

"எண்ணத் தெரியும் எனக்கு."

ஏதென்சில் ஒலிம்பிக் நடந்ததற்கு அடுத்த வருடம் அது. அவன் கேட்டு ஒரு கிழமையிருக்கும். காலை பத்து மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். போன் அடித்தது. எடுத்தேன். தூரத்துக் கோல் என்பது இரைச்சலிலேயே தெரிந்தது. ஓர் ஆண்குரல் என் பெயரைச் சொன்னது. வீட்டுப் பெயர் இல்லை. ஞானஸ்நானப் பெயர், அதோடு என் தகப்பனின் பெயர், முழுவதும்.

"ஓம், ஆர் கதைக்கிறியள்?"

"உம்மடை மனிசன்."

என் புருசனாம்! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அந்த நாட்களில் போனில் ஏமாற்றுகிறவர்கள் அதிகம். மகன் சொல்லியிருக்கிறான், பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார்களாம்.

"என்ரை மனிசன் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுற ஆளில்லை. வேறை எங்கையாவது போய் ஏமாத்தும்!"

போனை வைத்தேன். வைத்துவிட்டு, கெட்டித்தனமாக நடந்துகொண்டேன் என்று தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். மகன் வந்ததும் சொன்னேன். "வடிவாச் செய்தீங்கள் அம்மா" என்றான். அதுவும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேத்தி எதிரே புத்தகத்தோடு இருந்தாள். சோதனைக்குப் படிக்கிறாள். ஏதோ பழைய கிரேக்கப் பாட்டுக்கதையாம். கிரேக்கம் என்ற சொல் காதில் விழுந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

"என்ன கதை மோனை?"

"ஒரு ராசா சண்டைக்குப் போறான் அப்பம்மா. பத்து வருசம் சண்டை. திரும்பி வீட்டை வர இன்னும் பத்து வருசம்."

"வாறதுக்குப் பத்து வருசமோ? எஞ்சின் பழுதோ?"

"பாய்க்கப்பல்."

"பாய்க்கப்பலெண்டாலும் பத்து வருசம் கூடத்தான். எங்கை நிண்டவன்?"

"கனக்க இடத்திலை. ஒரு தீவிலை ஒரு பொம்பிளை அவனை ஏழு வருசம் பிடிச்சு வைச்சிருந்தவள்."

"கயித்தாலை கட்டியோ?"

அவள் சிரித்துச் சிரித்துப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கப்பற்காரன் பெண்சாதி கேட்கிற கேள்வி அது. பிறகு அவள் மிச்சத்தைச் சொன்னாள். ராசாத்தியின் வீட்டில் ஊரிலுள்ள ஆம்பிளைகளெல்லாம் வந்து உட்கார்ந்து தின்கிறார்களாம். உன் புருசன் செத்துவிட்டான், எங்களில் ஒருவனைக் கட்டு என்கிறார்களாம். அவள் ஒரு துணி நெய்து முடியட்டும் என்று சொல்லி, நெய்ததைக் களவாகப் பிரித்து நாளைக் கடத்துகிறாளாம். கடைசியில் புருசன் வந்து நிற்கிறான். எல்லோரும் நம்புகிறார்கள், அவள் நம்பவில்லை.

"ஏன் நம்பேல்லை?"

"ஆரும் வேசம் போட்டு வரலாமெண்டு. அவன் கேக்கத்தக்கதா, எங்கடை கட்டிலைத் தூக்கி வெளியிலை போடுங்கோ எண்டு வேலைக்காரியிட்டைச் சொல்லுறா. அவனுக்குக் கோவம் வருது. அந்தக் கட்டிலைத் தூக்க ஏலாது, வேரோடை நிண்ட மரத்திலை நான்தான் செய்தனான் எண்டு கத்துறான். அது அவை ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அதாலைதான் அவன்தான் எண்டு பிடிக்கிறா. இதிலை கேள்வி என்னெண்டால் அப்பம்மா, அவ உண்மையானவவோ, தந்திரக்காரியோ?"

"ரெண்டும் இல்லாமல் இருபது வருசம் வீடு நடத்தேலுமோ? அப்பிடி எழுது."

வாய் அப்படிச் சொன்னது. கை வெங்காயத்தில் நின்றுவிட்டது. அந்த ராசாத்தி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவன் கோபித்துப் பதில் சொல்லுமட்டும் நின்றாள். நான் நிற்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அந்தக் குரல் என் பெயரைச் சொன்ன விதத்தை அப்போதுதான் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். கோபத்தில் கேட்டபோது பெயர் மட்டும்தான் விழுந்தது. இப்போது மற்றதும் விழுந்தது. என் ஞானஸ்நானப் பெயர் நீளம். நடுவில் ஓர் எழுத்து வாயில் வராது. அந்த எழுத்தை விழுங்கிவிட்டுத்தான் அந்த மனிதர் சொன்னார்.

என் கணவர் என் பெயரைச் சொன்னதே இல்லை என்றேனே, அது சரியில்லை. ஒருமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் கல்யாணத்தில், பீடத்துக்கு முன்னால். சுவாமியார் சொல்லிக்கொடுக்க, இன்னாராகிய உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை முழுப் பெயரும் சொல்ல வேண்டும். இவர் அந்த எழுத்தை விழுங்கினார். சுவாமியார் திருப்பிச் சொல்லச் சொன்னார். திரும்பவும் விழுங்கினார். பின்வாங்கில் இருந்த பெண்கள் சிரித்தது எனக்கு முக்காட்டுக்குள் கேட்டது. மூன்றாம் முறை சுவாமியார், போதும் என்று விட்டுவிட்டார்.

என் பாஸ்போட்டில் அந்தப் பெயர் குறுக்கித்தான் இருக்கிறது. கோவிலில் என்னை எல்லோரும் வீட்டுப் பெயரால்தான் அறிவார்கள். முழுப் பெயரை, அதுவும் அந்த எழுத்து இல்லாமல், எந்தக் கள்ளன் சொல்வான்?

மகன் வந்ததும் சொன்னேன். அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று கேட்டான்.

"அம்மா, லைன் இரைஞ்சிருக்கும். ஓர் எழுத்துக் கேட்டிருக்காது."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"இருந்தவரெண்டால் இருபத்தொரு வருசமா எங்கை இருந்தவர்? தங்கச்சியவையின்ரை கல்யாணத்துக்கு ஆர் நிண்டது? நான்தானே நிண்டனான்? நான் செத்தவீட்டுக்காரனும் இல்லை, தேப்பன் உள்ளவனும் இல்லை. இதுக்கு ஒரு முடிவு வேண்டாமோ எனக்கு?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. போனில் நம்பரைத் தேடிப் பார்த்தோம், விழவில்லை. போன் கார்ட் போட்டு எடுத்த கோல், நம்பர் காட்டாதாம். பதினைந்து நாள் நான் போனை விட்டு நகரவில்லை. குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். அது அடிக்கவில்லை.

நவம்பரில் தமிழ்ப் பூசைக்குப் போனோம். மன்றாட்டு நேரத்தில் பெயர்களை வாசித்தார்கள். என் தாயின் பெயர் வந்தது, தகப்பனின் பெயர் வந்தது, தங்கையின் பெயர் வந்தது. அதற்கு அடுத்து, ஒலிபெருக்கியில், பிள்ளைகளின் தகப்பனுடைய பெயர் வந்தது. நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முழங்காலில் இருந்தான், கண் மூடியிருந்தது. கன்னம் நனைந்திருந்தது. அவன்தான் எனக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டு அழுகிறான் என்று விளங்கியது.

பூசையைக் குழப்புகிற ஆள் நானில்லை. நற்கருணை முடியுமட்டும் இருந்தேன். அறிவித்தல் நேரம் வந்ததும் எழுந்து, நடுவழியால் நடந்து மைக்கடிக்குப் போனேன். முழங்கால் நோ எனக்கு. ஆறுதலாகத்தான் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசிக்கிற தம்பி குனிந்து கேட்டார்.

"என்னம்மா?"

"அறிவித்தல் ஒண்டு."

"எழுதித் தாங்கோ, நான் வாசிக்கிறன்."

"எழுதத் தெரியாது. வாயாலை சொல்லுறன்."

அவர் சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் தலையாட்டினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்:

"இப்ப செத்த ஆக்களோடை நீங்கள் ஒரு பேர் வாசிச்சனீங்கள்."

அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெயரை நானும் ஒரேயொரு முறைதான் சொல்லியிருக்கிறேன், எங்கள் கல்யாண நாளில், ஊர்ப் பீடத்துக்கு முன்னால். எத்தனை கண் என்னைப் பார்த்தது தெரியுமா? மகனும் எழுந்துவிட்டான், என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான். அவன் வாறதைக் கண்டதும் சொல்லிவிட்டேன். முழுப் பெயரும், ஓர் எழுத்தும் விடாமல்.

"அவர் என்ரை மனிசன். உயிரோடை இருக்கிறார். எனக்குப் போன் எடுத்தவர், கிரேக்கத்திலையிருந்தாத்தான் இருக்கும், நான்தான் விளங்காமல் வைச்சிட்டன். உங்களிலை ஆருக்கும் அங்கை சொந்தக்காரர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது முன்வாங்கில் இருந்த ஒரு கிழவி பக்கத்தவளிடம், எனக்குக் கேட்கத்தான், சொன்னாள்: "மனிசன்ரை பேரை மைக்கிலை சொல்லுறா, பாருங்கோவன்."

"உமக்கும் ஆசையெண்டால் போய்ச் சொல்லும். மைக் அங்கைதான் கிடக்கு" என்றேன்.

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணி தருவார்கள். கோப்பையை எடுக்கக்கூட இல்லை, ஒரு மன்னார்ப் பெண் வந்து என் முன்னால் நின்றாள். கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை.

"அக்கா, என்ரை தம்பி ஏதென்சிலை இருக்கிறான். அவனோடை கோவிலுக்கு வாற ஒரு வயசாளி, லண்டனிலை உங்கடை பேரிலை ஓர் ஆளைத் தேடினவராம். பங்கு லிஸ்டிலை பாத்து நான்தான் உங்கடை நம்பர் குடுத்தனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"தான்தான் முதல் கதைக்கவேணுமெண்டு சொன்னவராம். பிறகு தம்பி கேட்டால், அது நான் தேடின ஆளில்லை எண்டு சொல்லிப்போட்டாராம். நானும் விட்டிட்டன் அக்கா."

எனக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் தேடின ஆளில்லையாம்! அந்த மண்டபத்திலேயே, அவளுடைய மொபைலில் அவளின் தம்பியைப் பிடித்து, அவன் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருமட்டும் காத்திருந்தேன். மகன் பக்கத்தில் நின்றான்.

"ஹலோ" என்றது குரல்.

"இஞ்சருங்கோ" என்றேன்.

அவர் வாய் திறக்குமுன் நானே கேட்டேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

"இருபத்தொரு வருசம் ஒரு கடிதம் போடாதவன், இஞ்சாரும் எண்டு எந்த முகத்தோடை கூப்பிடுறது?" என்றார்.

இதுதான் நடந்தது. நான் அவரை அந்நியன் என்று நினைத்தேன். அவர் தன்னை அந்நியன் என்று நினைத்துத்தான் பெயர் சொல்லியிருக்கிறார்.

கப்பலை ஒரு துறைமுகத்தில் கைவிட்டுவிட்டு முதலாளிமார் போய்விட்டார்களாம். கையில் கடதாசி ஒன்றும் இல்லை. முதலில் போட்ட ஒன்றிரண்டு கடிதங்கள் திரும்பி வந்தன, பிறகு போடவில்லையாம். எங்கள் ஒழுங்கையே குண்டுபட்டு அழிந்தது, ஒருவரும் மிஞ்சவில்லை என்று ஊரவன் ஒருவன் சொல்லியிருக்கிறான். கட்டிட வேலை, தோட்ட வேலை, கடைசியில் ஒலிம்பிக்குக்குக் கட்டிய இடமொன்றில் காவல். உயிரோடு இருக்கிறோம் என்று பத்து வருடத்துக்குப் பிறகு அறிந்தபோது வெட்கம் வந்துவிட்டதாம். வெட்கத்திலேயே இன்னும் ஏழு எட்டு வருடம்.

கடதாசி வேலைகள் முடிய அடுத்த கோடையாகிவிட்டது. விசா கிடைத்ததும் மகனைக் கூப்பிட்டேன்.

"நீ போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா."

"அந்த மன்னார்த் தம்பி பிளேனிலை ஏத்திவிடுவார். நான் ஹீத்ரோவிலை நிக்கிறன்."

"இல்லை. நீதானே செத்தவரெண்டு எழுதிக் குடுத்தனி? நீயே போய் உயிரோடை கூட்டிக்கொண்டு வா."

"எனக்கு அவரோடை கதைக்க ஒண்டும் இல்லை அம்மா."

"கதைக்கச் சொல்லேல்லை. கூட்டிக்கொண்டு வரச் சொன்னனான்."

மூன்று நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு போனான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழைத் தூறலில், இருவரும் வந்து இறங்கினார்கள். நான் யன்னலால் பார்த்தேன். பெட்டியை மகன் தூக்கிக்கொண்டு வந்தான். அவர் பின்னால் வந்தார். மெலிந்து, தலை முழுவதும் நரைத்து, கடற்கரைக்காரருக்கு லண்டன் வெயில் போதாதே, கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு. கேற்றடியில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. மகன் முன்கதவைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்த்து, கொஞ்சம் நின்று, பிறகு போய் அவருடைய முழங்கையைப் பிடித்தான்.

"வாங்கோ அப்பா. நனையிறியள்" என்றான்.

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்கத்தான் நான் அவனை அவ்வளவு தூரம் அனுப்பினேன்.

கை கழுவச் சொன்னேன், சோறு போட்டேன், மீன் தலையை அவருக்கு வைத்தேன். பேத்தி பார்த்தபடி இருந்தாள். மகனும் மருமகளும் பேத்தியும் மேலே போனபின், குசினியில் வைத்து நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"ஆரும் இருந்ததோ?"

பொய் சொல்லலாம். சொல்லவில்லை.

"ஓம். ஒரு கிரேக்கத்தி, புருசன் செத்தவ. ஆறு வருசம். நீங்கள் ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்ச காலம். அவவும் போயிட்டா."

"சமைப்பாவோ?"

"சமைப்பா."

"சரி" என்றேன். எழும்பிக் கோப்பைகளைக் கழுவினேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது, அதை எடுத்தேன். மூன்றாம் நாள் காலையில், "இஞ்சருங்கோ, தேத்தண்ணி" என்று கூப்பிட்டேன். கோப்பையைக் கையில் வாங்கும்போது, "இஞ்சாரும், சீனி காணாது" என்றார். எனக்கு அது போதும். அவரைத் திருத்தி எடுக்க இனி நேரமில்லை, வைத்துக்கொள்ளத்தான் நேரமிருக்கிறது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

அது ஒரு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது பக்கத்து அறையில் ரீவிக்கு முன்னால் இருக்கிறார். நான் இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன் என்று தெரியும். நேற்று வந்து, அந்தக் கிரேக்கத்தியை விட்டுவிடும், பிள்ளைகள் வாசிக்கும் என்றார்.

"அந்த ராசா செய்ததை உலகம் முழுக்கப் பள்ளிக்கூடத்திலை வைச்சுப் படிக்குது. நீங்கள் செய்ததை எங்கடை வீடு வாசிச்சால் என்ன குறைஞ்சிடும்?" என்றேன். திரும்பி ரீவிக்குப் போய்விட்டார்.

எழுதினது காணும் பிள்ளை. பேனையை வை. இனி முதலிலையிருந்து வாசி, கேப்பம். பக்கத்து அறைக் கதவை நல்லாத் திறந்துவிட்டு, உரத்து வாசி. ஒரு வரியும் விடாதை.